பனிமலையை வரைந்த நாடற்றவர்

பனிமலைக் காட்சியை நாங்கள் எல்லாருமே பார்த்திருப்போம். கலண்டரில, சலூன் சுவரில, பழைய ஸ்ரூடியோக்களின் பின்திரையில. வெள்ளைச் சிகரம், நீல வானம், ஆளே இல்லாத அமைதி. பனியே விழாத ஊரில இருந்துகொண்டு, சுவிஸ் என்றால் இதுதான் என்று முடிவுகட்டியும் வைத்திருக்கிறோம்.

அந்த மலைகளை எண்ணெய் வர்ணத்தில் வரைந்து பேர் பெற்றவர் ஜொவான்னி செகன்தீனி. அவர் சுவிஸ்காரர் இல்லை. சட்டப்படி பார்த்தால் எந்த நாட்டுக்காரருமே இல்லை.

1858 இல் ஆர்கோ என்ற ஊரில் பிறந்தார். இன்று அது இத்தாலி. அப்போது ஒஸ்திரியப் பேரரசு. ஏழு வயதில் தாய் இறந்துபோக, தகப்பன் அவரை மிலானில் இருந்த தகப்பன்வழி அக்காவிடம் விட்டார். அந்த அக்கா ஒஸ்திரியக் குடியுரிமையை விலக்கிக்கொள்ள விண்ணப்பித்தார். ஆனால் இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு விண்ணப்பம் போகாததால் அந்தப் பொடியன் சாகும்வரை நாடற்றவராகவே வாழ்ந்தார். மனதால் தன்னை இத்தாலியர் என்றே நினைத்தார், கையில்தான் தாள் இல்லை. சீர்திருத்தப் பள்ளியில் சப்பாத்து தைக்கப் பழகினார்; பிறகு மிலானில் ஓவியம் படித்தார். ஆவணங்கள் இல்லாததால், நான்கு பிள்ளைகளுக்குத் தாயான பீச்சேயைச் சட்டப்படி மணக்கக்கூட முடியவில்லை. 'நாடற்றவர்' என்ற சொல்லின் பாரத்தை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை தானே.

1886 இல் குடும்பத்தோடு சுவிஸ் மலைக்கிராமமான சவொக்னினுக்குப் போனார். 1894 இல் இன்னும் உயரத்தில், கிட்டத்தட்ட 1800 மீற்றரில் இருக்கும் மலோயாவுக்கு. ஓவியக்கூடத்துக்குள் இருந்து மலையைக் கற்பனை பண்ணவில்லை; பெரிய கன்வஸ்களை வெளியிலேயே நிறுத்தி, குளிரில் நின்று வரைந்தார்.

அவர் பனியை வரைந்த விதத்தைக் கட்டாயம் சொல்லவேணும். வெள்ளையை எடுத்துப் பூசிவிட்டால் பனி வராது, சுண்ணாம்புச் சுவர்தான் வரும். செகன்தீனி முதலில் கன்வஸ் முழுக்கச் செம்மண் நிறத்தைப் பூசுவார். அதன் மேல் மெல்லிய கோடுகளாக வர்ணங்களை இடைவெளி விட்டு இழுப்பார். பிறகு அந்த இடைவெளிகளில் எதிர்நிறங்களை நிரப்புவார். வர்ணங்களைத் தட்டில் குழைத்துக் கலப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார், கலக்கிற வேலை பார்க்கிறவரின் கண்ணுக்கு. தூரத்தில் நின்றால் வெயில் பட்ட பனி. கிட்டப் போனால் நூல் நூலாக நிறங்கள்.

1900 பரிஸ் உலகக் கண்காட்சிக்காக எங்கடின் பள்ளத்தாக்கின் மலைகளைப் பிரமாண்டமான வட்ட ஓவியமாக்கத் திட்டமிட்டார். செலவு தாங்காமல் அது கைவிடப்பட்டது. மிஞ்சியது 'வாழ்வு', 'இயற்கை', 'மரணம்' என்ற மூன்று ஓவியங்கள். இதில் 'மரணம்' தான் பனிக்காட்சி. மலை, பெரிய மேகம், வெண்பனி எல்லாம் இருக்கு. ஆனால் கலண்டர் அமைதி இல்லை. ஒரு வீட்டிலிருந்து இறந்தவரின் உடலைத் தூக்கி வருகிறார்கள். குதிரை பூட்டிய சறுக்குவண்டி காத்து நிற்கிறது.

1899 செப்ரெம்பரில் 'இயற்கை' ஓவியத்தை முடிக்க ஷாஃப்பெர்க் மலையில் கிட்டத்தட்ட 2700 மீற்றர் உயரத்துக்கு ஏறினார். அங்கேயே குடல்வால் அழற்சி முற்றி, 28 ஆம் திகதி இறந்தார். வயது 41. 'மரணம்' முடிக்கப்படாமலே நின்றுபோனது.

1908 இல் சென். மொரிட்சில் அவர் பெயரில் நூதனசாலை திறந்தார்கள். மூன்று ஓவியங்களும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு அவை சுவிஸ் மலைகளின் முகம். வரைந்தவருக்கோ, அந்த மலைகளில் 13 வருஷம் வாழ்ந்தும், இது என் நாடு என்று காட்ட ஒரு தாள் கிடைக்கவில்லை.