தொப்பிக்காரர் போட்ட வரி

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி, டீவியட் ஆற்றங்கரையில் ஹாயிக் என்றொரு சிற்றூர். 1771இல் ஜான் ஹார்டி என்பவர் காலுறை பின்னும் எந்திரங்கள் நான்கை அங்கே கொண்டுவந்து வைத்தார். அத்தோடு அந்த ஊரின் தலையெழுத்தே மாறிப்போனது. பிரிங்கிள், லைல் அண்ட் ஸ்காட் என்று உலகம் அறிந்த பின்னலாடைப் பெயர்கள் எல்லாம் அங்கே பிறந்தவைதான். நொய்யல் கரைத் திருப்பூரில் பனியன் எந்திரம் சுழலத் தொடங்கியது 1920களில். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே ஹாயிக்கில் அந்தத் தொழில் வேர்விட்டிருந்தது.

திருப்பூரில் இன்று ஆடிட்டர் அலுவலகம் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்கூட ஆண்டுக் கணக்கை முடித்து வருமான வரிப் படிவம் தாக்கல் செய்கிறார். அந்த வரியை இந்தியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் பிறந்தது இதே பின்னலாடை ஊரான ஹாயிக்கில். பெயர் ஜேம்ஸ் வில்சன்.

1805 ஜூன் 3இல் பிறந்தார். தந்தை துணி ஆலை முதலாளி; பதினைந்து பிள்ளைகளில் ஜேம்ஸ் நான்காமவர். குவேக்கர் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பதினாறு வயதில் ஒரு தொப்பி தயாரிப்பாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு தந்தை அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கி அண்ணன் தம்பி இருவருக்கும் கொடுத்தார். 1824இல் சகோதரர்கள் லண்டனுக்குக் கடையை மாற்றினார்கள். தொப்பி வியாபாரம் நன்றாகவே ஓடியது.

சரித்தது அவுரி. 1837இல் நீலச்சாயத்தின் விலை ஏறும் என்று நம்பி வாங்கிக் குவித்தார் வில்சன். விலை இறங்கியது. கையில் இருந்த சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனாலும் மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை. இருந்ததை விற்றுக் கடன்காரர்களோடு பேசி முடித்தார். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்றான மீதியையும் பின்னாளில் அடைத்தார். சாயத்தில் கை சுட்டவர்கள் நிறைந்த திருப்பூரில் இந்தக் கதை எளிதில் புரியும். பிற்காலத்தில் அவர்மேல் எத்தனை குறை சொன்னாலும், கடனை அடைத்த நேர்மையை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நட்டத்திலிருந்து எழுந்தவர் பேனாவைப் பிடித்தார். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு நிலச்சுவான்தார்களைக் காப்பாற்றிய தானியச் சட்டங்களைத் தாக்கி 1839இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1843இல் ‘தி எகனாமிஸ்ட்’ வார இதழைத் தொடங்கினார். இன்றும் வெளிவரும் அதே இதழ்தான். 1847இல் லிபரல் கட்சிக்காரராக வெஸ்ட்பரி தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே, கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிடும் கட்டுப்பாட்டு வாரியத்தில் செயலாளர். 1853இல் இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளுக்கான சார்ட்டர்ட் வங்கியைத் தொடங்கினார். ஏற்றுமதியாளர்களுக்கு இன்று பழக்கமான ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் ஒரு பாதி அதுதான். அதே ஆண்டு முதல் 1858 வரை பிரிட்டிஷ் கருவூலத்தின் நிதிச் செயலாளர் பதவியிலும் இருந்தார்.

இந்தக் கதையின் மற்ற இரண்டு பாத்திரங்களும் அந்தக் கருவூலத்தின் ஆட்களே.

ஒருவர் சார்லஸ் வுட். 1846 முதல் 1852 வரை பிரிட்டனின் நிதியமைச்சர். மற்றவர் சார்லஸ் டிரெவெல்யன். அரசியல்வாதி அல்ல, அதிகாரி. இளமையில் வங்காளத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர், மெக்காலேயின் தங்கையை மணந்தவர். 1840 முதல் பத்தொன்பது ஆண்டுகள் கருவூலத்தின் நிரந்தர அதிகாரிகளில் முதல்வராக இருந்தவர். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும்பஞ்சம் வந்தபோது நிவாரணப் பணத்தின் சாவி டிரெவெல்யன் கையில் இருந்தது; மேலிடத்தில் வுட். அரசு இறங்கிச் சோறு போட்டால் சந்தை கெடும் என்று வில்சனின் இதழ் வாரம் தவறாமல் வாதாடியது. மூவருக்கும் ஒரே கொள்கை. சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். இந்தப் பழியைச் சொல்லாமல் இவர்கள் மூவரில் யாரைப் பற்றி எழுதினாலும் அது பாதி வரலாறுதான்.

பிறகு 1857 வந்தது. வடக்கே கிளர்ச்சியை அடக்கப் படையும் ஆயுதமும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அந்தச் செலவு முழுவதும் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டது. மூன்று ஆண்டுகளில் விழுந்த துண்டு சுமார் மூன்று கோடி பவுண்டு. இந்திய விவகார அமைச்சராகிவிட்டிருந்த வுட், இதைச் சரிக்கட்டத் தேர்ந்தெடுத்த ஆள் வில்சன். 1859 ஜூனில்தான் வில்சனுக்கு வணிக வாரியத்தின் துணைத் தலைவர் பதவி கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, வைஸ்ராய் கானிங்கின் ஆட்சிக்குழுவில் நிதி உறுப்பினராகக் கப்பல் ஏறினார். அப்படியொரு பதவியில் அவரே முதல் ஆள். நவம்பர் 29இல் கல்கத்தாவில் இறங்கினார்.

1860 பிப்ரவரி 18. கல்கத்தா சட்டமன்றக் குழுவில் வில்சன் எழுந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். அந்த அவையில் ஓர் இந்தியர்கூட இல்லை. வரி வாங்குவது மன்னனின் உரிமை என்பதற்கு மனு ஸ்மிருதியைச் சான்று காட்டினார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500க்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம், 500உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 4 சதவீதம். அந்த நாலில் ஒன்று உள்ளூர்ப் பொதுப்பணிகளுக்கு. 500 ரூபாய் சம்பாதிக்கும் நூல் வியாபாரி 20 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்று கணக்கு. நிலத்து வருமானம், தொழில், கடன்பத்திர வட்டி, சம்பளம் என்று நான்கு பட்டியல்கள். மொத்தம் 259 பிரிவுகள். ஜூலை 24இல் கானிங் கையெழுத்திட்டுச் சட்டமானது. ஆண்டுதோறும் அந்தத் தேதியைத்தான் வருமான வரித்துறை தன் நாளாகக் கொண்டாடுகிறது.

சென்னை மாகாணத்துக்கு வரி புதிதல்ல. தறிக்கு வரி, கடைக்கு வரி, தச்சன் கொல்லன் உளிக்கும் உலைக்கும் வரி என்று ‘மோதர்பா’ என்ற ஒன்று வெகுகாலமாக இங்கே நடப்பில் இருந்தது. 1800இல் கொங்குச் சீமையில் ஊர் ஊராகச் சுற்றிய ஃபிரான்சிஸ் புக்கானன் தறி வரியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் மோதர்பாவின் கொடுமை விரிவாக இடம்பெற்றது. வருமான வரி வந்ததை ஒட்டி மோதர்பாவைக் கைவிட்டார்கள். நெசவாளருக்கு அது பெரிய விடுதலை. ஆனாலும் வந்து சேர்ந்த புதுவரி, கிளர்ச்சியில் பெரிதாகப் பங்கெடுக்காத தெற்கின்மீது வடக்கின் போர்ச்செலவை இறக்கி வைத்தது என்பதும் உண்மை.

அதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர்தான் வாய் திறந்தார். 1859 மார்ச் முதல் சென்னையின் ஆளுநராக இருந்தவர் யார் தெரியுமா? அதே டிரெவெல்யன்.

வில்சனின் வரித்திட்டம் கைக்கு வந்ததும் டிரெவெல்யன் கொதித்துப் போனார். படைச் செலவைக் குறைத்தாலே துண்டு அடைபடும். மக்களுக்கு ஒரு பிரதிநிதி கூட இல்லாத நாட்டில் அவர்களுக்குப் பழக்கமில்லாத நேரடி வரியைத் திணிப்பது அநியாயம், ஆபத்தும்கூட என்பது அவர் வாதம். எதிர்ப்பைச் சங்கேத எழுத்தில் மறைக்காமல் தந்தியிலேயே திறந்த வாசகமாகக் கல்கத்தாவுக்கு அடித்தார். மார்ச் கடைசியில் விரிவான குறிப்பு ஒன்றை எழுதினார். அதோடு நிற்காமல், அதைச் சென்னைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். மேலிடத்து முடிவை ஓர் ஆளுநரே ஊரறியத் தாக்கியது கம்பெனிக் காலத்திலும் கேள்விப்படாத சங்கதி. பட்டினி கிடந்த அயர்லாந்துக்காரர்களிடம் இரக்கம் காட்டாத மனிதர், தறிக்காரருக்கும் கடைக்காரருக்கும் பரிந்து பதவியைப் பணயம் வைத்தார். மனம் திருந்தினாரா, பழைய சகாவான வில்சன்மேல் எரிச்சலா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வாதத்தின் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. சென்னையிலேயே உட்கார்ந்து பார்த்தவருக்குப் படைச்செலவின் வீண் கண்ணில் பட்டது.

லண்டனில் வுட் தயங்கவில்லை. மே மாதம் டிரெவெல்யனைத் திரும்ப அழைக்கும் உத்தரவு போனது. ஒரே கருவூலத்தில் கோப்பு பார்த்த மூவரில் ஒருவர் வரி போட, இன்னொருவர் தடுக்க, மூன்றாமவர் தடுத்தவரை வீட்டுக்கு அனுப்பினார். வரி கட்டப்போகிறவர்களை மூவருமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை வெகுவேகம். டிரெவெல்யனுக்குப் பதிலாக இலங்கையிலிருந்து வந்த சர் ஹென்றி வார்டு, பதவியேற்ற ஒரு மாதத்துக்குள் ஆகஸ்ட் 2இல் காலராவில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 11இல், கல்கத்தாவின் மழைக்கால வெக்கையில் சீதபேதி கண்டு வில்சனும் போனார். வயது 55. இந்தியாவில் அவர் இருந்தது ஒன்பது மாதத்துக்கும் குறைவு. கல்கத்தா முல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லறையை மறந்தும் போனார்கள். 2007இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு வருமான வரி அதிகாரி.

அந்தக் குறுகிய காலத்திலேயே வில்சன் இன்னும் இரண்டு காரியங்களில் கை வைத்தார். ஒன்று காகிதப் பணம். அரசே நோட்டு அச்சிட வேண்டும் என்ற அவர் திட்டம், சில மாற்றங்களோடு 1861இல் சட்டமானது. கல்கத்தா, பம்பாயோடு சென்னையும் நோட்டு வழங்கும் வட்டங்களில் ஒன்றானது.

மற்றது நூல். இறக்குமதி வரிகளை ஒரே சீராக 10 சதவீதம் ஆக்கினார் வில்சன். ஆடம்பரப் பொருள்களுக்கு 20இலிருந்து 10ஆகக் குறைந்தது. நூலுக்கோ 5இலிருந்து 10ஆக இரட்டிப்பானது. அப்போது கோயமுத்தூர் மாவட்டத்தில் நூற்பாலை கிடையாது. முதல் ஆலை எழும்பியது 1888இல். தறிக்காரர்கள் மெல்ல மெல்லச் சீமை நூலுக்குப் பழகிவந்த காலம். சுதந்திர வணிகத்துக்காக இதழே தொடங்கிய மனிதர், கஜானா காலியானதும் தறிக்காரரின் மூலப்பொருள்மீது வரியை ஏற்றினார். இந்த வரி குறைந்ததும் தறிக்காரருக்காக அல்ல. மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் போட்ட கூச்சலால். அடுத்து வந்த நிதி உறுப்பினர் சாமுவேல் லெயிங் 1861இல் நூல் வரியை 5ஆகவும், 1862இல் மூன்றரையாகவும் இறக்கினார்.

2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துத் திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்தது. பனியன் கம்பெனி முதலாளியும் கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்களும் சேர்ந்து வேலை இழந்த அந்த இரண்டு நாளைக்கு டெல்லி காது கொடுக்க வேண்டியிருந்தது. 1860இன் தறிக்காரருக்கு அப்படிக் கதவடைக்க ஒரு சங்கம் இல்லை, கேட்க ஓர் அவையும் இல்லை. இன்னொரு தேதியையும் இங்கே குறித்துவைக்கலாம். இந்திய ஆடைகளுக்கு பிரிட்டன் விதித்துவந்த 12 சதவீதம் வரையிலான இறக்குமதி வரியை நீக்க வகைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 ஜூலை 24இல். வில்சனின் வரி சட்டமான அதே நாள். ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், இம்முறை தன் கோரிக்கையைச் சொல்லியிருந்தது.

டிரெவெல்யன் கதை மிச்சம் இருக்கிறது. துரத்தப்பட்டவரை வுட்டே 1862இல் மீண்டும் நியமித்தார். எந்த நாற்காலிக்கு? வில்சன் உட்கார்ந்த நிதி உறுப்பினர் நாற்காலிக்கு. 1865இல் ஐந்தாண்டுக் கெடு முடிந்து வருமான வரி காலாவதியானது. டிரெவெல்யன் அதைப் புதுப்பிக்கவில்லை. பஞ்சமும் போர்ச்செலவும் வந்தபோதெல்லாம் அந்த வரி வெவ்வேறு பெயர்களில் எட்டிப்பார்த்து, 1886இல் நிலையாக வந்து உட்கார்ந்தது. விவசாய வருமானத்துக்கு விலக்கு கிடைத்ததும் அப்போதுதான்.

அறுபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1947 நவம்பர் 26 மாலை, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படிக்க ஒருவர் எழுந்தார். நொய்யல் பாயும் கோயமுத்தூரைச் சேர்ந்தவர், ஜவுளித் தொழிலை நன்கறிந்தவர். அன்று அவர் அறிவித்த புதுவரி, பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதித் தீர்வை. ஆர்.கே.சண்முகம் செட்டியார் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)