வாரானைப் பருவமும் மருத்துவரின் அளவுகோலும்



"பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, என் பிள்ளை ஓராண்டு ஆகியும் நடக்கவில்லையே" என்று வருந்தும் பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தச் சிறு வரலாறு.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்தது. தலையெடுத்து ஆடும் செங்கீரை 5ஆம் மாதம். கைகொட்டும் சப்பாணி 9ஆம் மாதம். தளர்நடையிட்டு வரும் வாரானை 13ஆம் மாதம். அது பாடுவோருக்கான வகுப்பு. அசைவைக் கொண்டு நரம்பு மண்டலத்தின் நிலையை அறியும் முறையை மருத்துவர்கள் பின்னாளில் வளர்த்தனர்.

1896இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி ஓர் அடையாளத்தை விளக்கினார். உள்ளங்காலை வருடும்பொழுது பெரியவரின் கால் பெருவிரல் மேல்நோக்கி எழுமானால், மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை பழுதுற்றிருக்கலாம். கைக்குழந்தையிடம் அதுவே இயல்பு. அப்பாதை இன்னும் முதிரவில்லை என்பதே காரணம். 1918இல் எர்ன்ஸ்ட் மோரோ, திடுக்கிடும் குழந்தை கைகளை விரித்து, பின் அணைப்பதுபோல் கூட்டுவதை விவரித்தார். இது ஏறக்குறைய ஆறு மாதத்திற்குள் மறையும். மறையாவிட்டாலும், ஒரு கை மட்டும் அசைந்தாலும் மருத்துவர் ஆராய்வார்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1911இல் குழந்தை ஆய்வு நிலையம் தொடங்கிய ஆர்னால்டு கெசெல், பிள்ளைகளின் அசைவுகளைப் படச்சுருளில் பதிவு செய்து, வயதுவாரியாகப் பட்டியலிட்டார். அவர் ஆராய்ந்த குழந்தைகள் பெரும்பாலும் நியூ ஹேவன் நகரத்து நடுத்தர வெள்ளையர் குடும்பத்தினர். மேலும், சராசரி வயது என்றாலே ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அதற்குப் பின்னர்தான் வருவர். பட்டியலைப் படிப்போர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

2006இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவீடு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நலமாக வளர்ந்த 816 குழந்தைகள் ஆராயப்பட்டனர். தனியே நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எனக் கண்டறியப்பட்டது. 4.3 விழுக்காட்டினர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை.

ஆதலால், பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அதே வேளையில், 18 மாதமாகியும் நடவாத பிள்ளையை, "தானே நடந்துவிடும்" என்று விட்டுவிடவும் வேண்டா. கற்ற அசைவை இழக்கும் பிள்ளையையும், ஓராண்டு நிரம்புமுன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் பிள்ளையையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியை விரைவில் தொடங்கினால் வளரும் மூளைக்குப் பயன் மிகுதி.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாம் ஆண்டில் பென்சிலைப் பற்றத் தடுமாறும் மாணவனையும் அடிக்கடி இடறி விழும் மாணவியையும் "சோம்பேறி" என்று சொல்லிவிடுவது எளிது. அச்சொல் ஒட்டிக்கொண்டால், உண்மைக் காரணத்தைத் தேட எவரும் முன்வருவதில்லை. கண்டதைக் குறித்து வைத்துப் பெற்றோரிடம் பக்குவமாக எடுத்துரைப்போம்.