சென்னை முறையும் இங்கிலாந்துத் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகளின் சமயக்கல்வியும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பெயருடன் ஓர் உயர்நிலைப்பள்ளி இன்றும் இயங்கி வருகிறது. அந்நகரில் பிறந்து சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் (1753–1832) விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்தது அப்பள்ளி. பெயரில் மட்டுமே எஞ்சியதாகத் தோன்றும் இச்சென்னைத் தொடர்பு, இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப்பள்ளிகள் தோன்றிய வரலாற்றின் வேரில் இருப்பது. அப்பள்ளிகளின் சமயக்கல்வி 'சென்னை முறை' என்ற கற்பித்தல் முறையோடு பிணைந்தே தொடங்கியது. அம்முறை வழக்கொழிந்தபின் சமயக்கல்வி என்பதன் பொருளும் படிப்படியாக மாறியது. கற்பிக்கும் முறை வெறுங்கலம் அன்று, அதில் இடப்படும் பொருளின் வடிவையும் அது தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதையர் காப்பகத்தின் மேற்பார்வையாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் பெரும்பாலும் இந்தியத் தாய்மார்வழிப் பிறந்த சிறுவர்கள் அங்கு வளர்க்கப்பட்டனர். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது, ஒரு 'மலபார்' பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையே 'மலபார்கள்' என்றனர் என்பதால், அவர் கண்டது தமிழ்த் திண்ணைப்பள்ளி என்று கொள்வதில் தடையில்லை. காப்பகத்தின் துணையாசிரியர்கள் மணலெழுத்தை ஏற்க மறுத்தனர். பெல் எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு இவ்வாறு முழுப்பள்ளிக்கும் பரவியது.

மணலெழுத்தை மலபார் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவர்வழிக் கற்பித்தலைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். திண்ணைப்பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழ் வாசகர் இவ்வுரிமைக் கோரிக்கையைச் சற்றே புன்னகையுடன்தான் படிக்க இயலும். எனினும் முன்னுரிமை யாருக்கு என்பதைவிட, எது கடல் கடந்தது, எது கடக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. திண்ணைப்பள்ளியில் எழுத்தும் அறமும் ஒன்றாகவே வந்தன. மணலில் எழுத்தறிந்த குழந்தை அடுத்து ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நெட்டுருச் செய்தது. அப்பள்ளி எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறத்தல் கூடாது. பெல் மணலை எடுத்துக்கொண்டார், ஔவையாரை எடுத்துக்கொள்ளவில்லை. அவ்விடத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஞானோபதேச வினாவிடை அமர்ந்தது.

பெல் 1796இல் சென்னையை விட்டுப் புறப்பட்டு, தம் சோதனையை விவரிக்கும் நூலை 1797இல் இலண்டனில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே முறையை, குவேக்கர் சமயத்தவரான ஜோசப் லங்காஸ்டர் இலண்டன் பரோ சாலைப் பள்ளியில் நடத்தி வந்தார். லங்காஸ்டரின் பள்ளியில் விவிலியம் படிக்கப்பட்டது. எந்தத் திருச்சபையின் வினாவிடையும் கற்பிக்கப்படவில்லை. இதை அபாயமாகக் கண்ட திருச்சபையினர் பெல்லைத் தம் பக்கம் நிறுத்தினர். நிறுவப்பெற்ற திருச்சபையின் கோட்பாடுகளில் ஏழைகளுக்குக் கல்வி அளிப்பதைத் தன் பெயரிலேயே நோக்கமாக அறிவித்து 'தேசியச் சங்கம்' 1811இல் தோன்றியது. ஊர்தோறும் ஒரு திருச்சபைப் பள்ளி என்னும் அமைப்பு இச்சங்கத்தின் வழியே பரவியது.

வினாவிடையும் சென்னை முறையும் ஒன்றுக்கொன்று மிகப் பொருந்தின. வினாவும் நிலையானது, விடையும் நிலையானது. பொருள் விளங்காத ஒன்பது வயதுச் சட்டாம்பிள்ளைகூட அதனைப் பிறர்க்குக் கற்பிக்கலாம், பிழையும் திருத்தலாம். ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பயின்ற கூடத்தில் வேறுவகைச் சமயக்கல்விக்கு இடமும் இல்லை. அவ்வினாவிடை குழந்தையின் பெயரைக் கேட்டுத் தொடங்கி, அப்பெயரைத் திருமுழுக்கில் தந்த ஞானப்பெற்றோரைப் பற்றிக் கேட்கும். குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத பாப்டிஸ்டுக் குடும்பத்துச் சிறுமிக்கு அவ்விடையே பொய்யாகும். ஊரில் வேறு பள்ளி இல்லாதபோது அவள் அப்பொய்யைச் சொல்லியே எழுத்தறிய நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயக்கல்விப் பூசல்களில் இம்மனக்குறை மீண்டும் மீண்டும் தலைதூக்கியது.

அரசு 1833இல் முதன்முறையாக 20,000 பவுண்டு மானியம் ஒதுக்கியபோது, அது தேசியச் சங்கத்தின் வழியாகவும் லங்காஸ்டர் மரபில் வந்த சங்கத்தின் வழியாகவுமே வழங்கப்பட்டது. 1846 முதல் ஊதியம் பெறும் பயிற்சி மாணவ ஆசிரியர்கள் சட்டாம்பிள்ளைகளின் இடத்திற்கு வந்தனர். திருப்புமுனை 1870ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தின் மனச்சான்று விதி, பெற்றோர் தம் பிள்ளையைச் சமயப்பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையை உறுதிப்படுத்தியது. அதற்கு வசதியாகச் சமயப்பாடம் பள்ளிவேளையின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் நடைபெற வேண்டும் என்றும் விதித்தது. பாப்டிஸ்டுச் சிறுமிக்கு விடுதலை கிடைத்தது. அதே வேளையில், பள்ளி முழுவதிலும் பரவியிருந்த சமயம் கால அட்டவணையின் ஓரத்தில் ஒரு பாடவேளையாகச் சுருங்கியது. திருச்சபைப் பள்ளிகளை உள்ளாட்சி வரிப்பணத்தால் தாங்கிய 1902ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பிய வரிமறுப்பு இயக்கம் தனி ஆய்வுக்குரியது.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இரு வேறு மொழிகளில் பேசுகிறது. ஒருபுறம், நாள்தோறும் கூட்டு வழிபாட்டையும் சமயப் போதனையையும் கட்டாயமாக்குகிறது; மறுபுறம், சமுதாயத்தின் 'ஆன்மிக, ஒழுக்க, அறிவு, உடல்' வளர்ச்சிக்குத் துணைசெய்வதைக் கல்வியின் கடமை என்கிறது. போதனை என்பது வெளியிலிருந்து தரப்படுவது. வளர்ச்சி என்பது குழந்தையின் உள்ளிருந்து நிகழ்வது. இரண்டாவது சொல்லின் முழு வலிமை உடனடியாக உணரப்படவில்லை என்றே தோன்றுகிறது. 1964இல் ரொனால்ட் கோல்ட்மன் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப்பள்ளிப் பருவத்தினர் விவிலியக் கதைகளைச் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளிலேயே கொள்கின்றனர், அவற்றின் குறிப்புப்பொருளை எட்டுவதில்லை என்று காட்டியது. மனப்பாடத்தையே சமய அறிவாகக் கொண்ட மரபின்மீது விழுந்த கடுமையான அடி அது. கோல்ட்மன் குழந்தையின் சிந்தனையை மட்டுமே அளந்தார், வியப்பையும் அச்சத்தையும் அளக்கவில்லை என்ற மறுப்பும் எழுந்தது. டேவிட் ஹே, ரெபெக்கா நை ஆகியோர் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு உரையாடி 1998இல் வெளியிட்ட நூல், ஆன்மிகத்தை ஒருவகை உறவுணர்வாக விளக்கியது: தன்னோடும் பிறரோடும் உலகோடும் கடவுளோடும் குழந்தை உணரும் உறவு அது. இவ்விளக்கத்தின்படி, எந்தச் சமயப் பயிற்சியும் இல்லாத குழந்தைக்கும் ஆன்மிக வாழ்வு உண்டு.

திருச்சபையும் தன் பள்ளிகளின் நோக்கத்தை மறுபரிசீலனை செய்தது. 1970இல் வெளிவந்த டர்ஹம் அறிக்கை, திருச்சபையின் சொந்தப் பிள்ளைகளுக்கான கல்வியையும் நாட்டின் பொதுப் பிள்ளைகளுக்கான தொண்டையும் வேறுபடுத்தியது. இன்று இங்கிலாந்தின் அரசு நிதிபெறும் தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இத்திருச்சபையைச் சார்ந்தது. இவற்றின் சமயச்சூழல் தனியாக ஆய்வு செய்யப்படுகிறது. குழந்தைகளின் ஆன்மிக மலர்ச்சிக்குப் பள்ளி எவ்வாறு இடமளிக்கிறது என்பதும் அதில் கேட்கப்படுகிறது. வினாவிடையைச் சரிபார்ப்பது எளிது. மௌனத்தில் ஒரு குழந்தை எதை உணர்ந்தது என்பதை எந்த ஆய்வாளர் எவ்வாறு சரிபார்ப்பார் என்பது கடினமான வினா.

1983க்குப் பின் இலண்டனில் பெருந்தொகையாகக் குடியேறிய ஈழத்தமிழரை இவ்வரலாறு நேரடியாகத் தொடுகிறது. சைவக் குடும்பத்துக் குழந்தை திருச்சபைத் தொடக்கப்பள்ளியில் பயில்வது அங்கே அரிய செய்தியன்று. அக்குழந்தையின் பெற்றோர்க்கு 1870ஆம் ஆண்டின் விலகல் உரிமை இன்றும் உண்டு. வார இறுதியில் அதே குழந்தை தமிழ்ப்பள்ளிக்குச் சென்று சைவ சமயமும் பயிலக்கூடும். அங்குள்ள பாடமுறையின் மூதாதையருள் ஒருவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் பீட்டர் பெர்சிவலுக்குத் துணைநின்ற நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் இயற்றிய சைவ வினாவிடை, கிறித்தவ ஞானோபதேசத்தின் வடிவைச் சைவப் பொருளுக்கு ஏற்றுக்கொண்ட நூல். சென்னையின் மணலெழுத்து ஆங்கிலத் திருச்சபைக்குப் பயன்பட்டது போலவே, கிறித்தவப் பள்ளிகளின் வினாவிடை வடிவம் சைவத்துக்குப் பயன்பட்டது.

ஆகவே இன்றைய இலண்டன் தமிழ்க்குழந்தை முரணான ஒரு நிலையில் நிற்கிறது. கிறித்தவப் பள்ளி வினாவிடையைப் பின்னுக்குத் தள்ளி, வியப்பையும் மௌனத்தையும் பற்றிப் பேசுகிறது. வார இறுதிச் சைவ வகுப்போ வினாவிடையையும் தேர்வையும் பெரிதும் நம்பியுள்ளது. பின்னது பழமையானது என்று ஒதுக்குவது எளிது. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு நெட்டுருவே மொழியையும் மரபையும் கைமாற்றும் வழியாக இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவ்விரு கல்விகளும் ஒரே குழந்தையின் உள்ளத்தில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை, தமிழ்ப்பள்ளிகளின் பாடநூல்கள், தேர்வு வினாத்தாள்கள், பெற்றோரின் விலகல் கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டி ஆராய வேண்டும். அப்பாடநூல்களின் முதற்பதிப்புகள் தனியார் வீடுகளிலும் கோயில் அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கும் நிலையில், அவற்றைச் சேகரிப்பதே முதற்பணி.