குழப்படிக்காரப் பிள்ளைகளும் கணக்கெடுப்பவர்களும்

எமது பிள்ளைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் நாம் பங்குபற்றவேண்டுமா, ஒதுங்கி நிற்கவேண்டுமா என்ற கேள்வி புதியதல்ல. ஆனால் சவுத்தாலில் வாழும் எனக்கு அது ஒரு கடித வடிவில் திரும்பத் திரும்ப வந்துசேர்கிறது. பிள்ளையின் புத்தகப் பைக்குள் பாடசாலை அனுப்பிய ஒரு தாள். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு - மிகையியக்கக் குறைபாடு பற்றி ஏதோவொரு பல்கலைக்கழகம் ஆய்வு நடத்துகிறது. பெற்றோர் ஒரு வினாக்கொத்தை நிரப்பவேண்டும், ஆசிரியரும் ஒன்றை நிரப்புவார், பிள்ளை கணினி முன்னிருந்து சில சோதனைகள் செய்யும், விரும்பினால் எச்சில் மாதிரியும் கொடுக்கலாம். விரும்பாவிட்டால் எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளனாகப் பல வருடங்கள் வேலைசெய்தவன் என்பதால், இத்தகைய தாளைக் கொண்டுவந்து "தம்பி, இதில கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்பவர்கள் என்னிடம் வருவது வழக்கம்.

எமது அறிவுஜீவிகளிடம் இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. ஏ.டி.எச்.டி. என்பது அமெரிக்க மருந்துக் கம்பனிகளின் கற்பனை. குழப்படியை நோயாக்கி மாத்திரை விற்கிறார்கள். இவர்களுக்கு எமது பிள்ளைகளைச் சோதனை எலிகளாகக் கொடுப்பதா? இந்த விடையின் பின்னாலுள்ள கோபத்தை நான் மதிக்கிறேன். அதற்கு வரலாறு இருக்கிறது, அதுவும் நான் வாழும் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறது. ஆனால் அதே வரலாற்றை இன்னும் கொஞ்சம் பொறுமையாக வாசித்தால், விடை இவ்வளவு சுலபமாக வராது என்பதே என் எண்ணம்.

சவுத்தாலில் பிள்ளைகளை எண்ணத் தொடங்கியது மருத்துவர்களல்ல, கல்வி அதிகாரிகள். 1963இல், பஞ்சாபிப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்று வெள்ளைப் பெற்றோர் போர்க்கொடி தூக்கியபோது, கல்வி அமைச்சர் சேர் எட்வேட் பொயில் நேரில் சவுத்தாலுக்கு வந்து அவர்களைச் சந்தித்தார். ஒரு பாடசாலையில் குடியேறியோரின் பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக்கூடாது என்ற கருத்து அரச கொள்கையானது. 1965இல் 7/65 இலக்கச் சுற்றறிக்கை அதை எழுத்தில் வைத்தது. ஈலிங் நகரசபை சவுத்தால் பிள்ளைகளைக் காலையில் பேருந்துகளில் ஏற்றித் தூரத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. எந்தப் பிள்ளையை ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தது அதன் ஆங்கில அறிவல்ல, தோலின் நிறமே. வெள்ளைப் பிள்ளைகள் எவரும் எதிர்த்திசையில் ஏற்றப்படவில்லை. 1975இல் இனஉறவுச் சபைக்காகப் பேராசிரியர் மொறிஸ் கோகன் இதை ஆராய்ந்து அறிக்கையிட்டார். ஆயினும் பேருந்துகள் முற்றாக நின்றது 1980களின் தொடக்கத்தில்தான்.

ஒரு எட்டு வயதுப் பிள்ளையை அதிகாலையில் தெருமுனையில் நிறுத்தி, தெரியாத ஊருக்கு ஏற்றிச்சென்று, விளங்காத மொழியில் நாள்முழுதும் இருத்திவைத்தால், அப்பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்க்காமல் வேறு என்ன செய்யும்? அந்தப் பார்வையை ஆசிரியர்கள் எந்தப் பத்தியில் பதிந்தார்கள் என்பது சிந்திக்கவேண்டியது.

கரீபியப் பிள்ளைகளுக்கு நடந்தது இதைவிட மோசம். வட லண்டனின் ஹரிங்கேயில் 1969இல் கசிந்த ஓர் உள்ளக அறிக்கை, மேற்கிந்தியப் பிள்ளைகளின் நுண்ணறிவு குறைவு என்றது. இரண்டு வருடங்களின் பின் பேர்னாட் கோர்ட் என்ற கிரனேடிய ஆசிரியர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்' எனும் பாடசாலைகளுக்குள் கறுப்புப் பிள்ளைகள் எவ்வாறு தள்ளப்பட்டார்கள் என்பதை அவர் விளக்கினார். சோதனை, சோதிப்பவர், ஆசிரியரின் எதிர்பார்ப்பு என்ற மூன்றுமே கோணல் என்பது அவரது வாதம். (இந்தக் கோர்ட் பின்னர் கிரனேடாவின் அரசியலில் என்னவானார் என்பது வேறு கதை. அந்தச் சிறுநூலின் மதிப்பை அது குறைத்துவிடாது.) சவுத்தாலில் 1979 ஏப்ரல் 23 அன்று தேசிய முன்னணிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பொலிசாரின் அடியால் இறந்த பிளேயர் பீச்சும் ஆசிரியர்தான். கிழக்கு லண்டனில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்.

மருத்துவமும் கைகழுவிக்கொண்டு நிற்க முடியாது. துணைக்கண்டத்திலிருந்து பெற்றோரிடம் வந்துசேர விண்ணப்பித்த பிள்ளைகளின் வயதை நம்பாமல், எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த காலம் 1980களின் தொடக்கம்வரை இருந்தது. 1969இல் கொவென்றியில் 21 பஞ்சாபிப் பெண்களுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி நாள்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. இரத்தச்சோகை பற்றிய ஆராய்ச்சி அது. பெண்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. விசயம் வெளியில் வந்தது 1995இல், ஒரு தொலைக்காட்சி விவரணத்தின் மூலம். கதிரியக்கத்தின் அளவு சிறியதே என்று பின்னர் வாதிடப்பட்டது. அப்பெண்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்ற கேள்விக்கு அது பதிலல்ல.

இவ்வளவையும் அறிந்த ஒரு தாய், கையெழுத்து வைக்கத் தயங்கினால் அவரை அறியாமையில் இருப்பவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எமது மக்களுக்கு இன்னுமொரு பயமும் சேர்ந்திருந்தது. அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ள ஒருவருக்கு அரச முத்திரை பதித்த எந்தத் தாளும் உள்துறை அமைச்சின் தாள்தான். "பிள்ளைக்கு மண்டை சரியில்லை எண்டு எழுதினா விசாவைப் பாதிக்குமோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவரல்லர்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம்.

ஏ.டி.எச்.டி. அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பது வரலாற்றுரீதியில் பிழை. 1902இல் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில், அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய விரிவுரைகளிலேயே இத்தகைய பிள்ளைகள் முதலில் விரிவாகப் பேசப்பட்டார்கள். அறிவு குன்றாதவர்கள், ஆனால் தம்மைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள். அதை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்று அவர் அழைத்தது விக்ரோறிய காலத்து மிச்சம். 1937இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் பிறட்லி பென்சட்றின் மாத்திரையை இப்பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950களின் நடுப்பகுதியில் சுவிஸ் கம்பனியான சீபாவின் றிற்றலின் சந்தைக்கு வந்தது. அதன் பின்னர் அமெரிக்கா ஒரு வழியில் போனது, பிரித்தானியா வேறு வழியில் போனது. மைக்கல் றட்டர் குழுவினர் 1960களில் வைற் தீவில் 10, 11 வயதுப் பிள்ளைகள் 2,199 பேரை ஆராய்ந்தபோது 'மிகையியக்கம்' என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் இருவர் மட்டுமே. பிள்ளைகள் வேறல்ல, அளவுகோல் வேறு. 2007இல் உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கில்ஹேர்மே பொலன்ஷிக் குழுவினர் சராசரி 5.29 வீதம் என்றார்கள். ஆய்வுக்கு ஆய்வு காணப்பட்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி அளந்த முறையால் வந்தது என்பதே அவர்களின் முக்கிய முடிவு. கோயம்புத்தூரில் 770 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இது 11 வீதத்தைத் தாண்டுகிறது. கோவைப் பிள்ளைகள் உலகத்துப் பிள்ளைகளைவிட இருமடங்கு துடியாட்டமானவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

எனது வாதத்தின் மையமான ஆய்வு கிழக்கு லண்டனில் நடந்தது. உளமருத்துவர் எரிக் ரெய்லரும் சகாக்களும் 1980களில் அங்கு ஆறேழு வயதுப் பையன்களிடையே மிகையியக்கத்தைப் பற்றிப் பெரியதொரு ஆய்வை நடத்தினார்கள். ஆசிரியர்கள் வினாக்கொத்தில் புள்ளியிட்டார்கள். அதோடு நில்லாமல், ஆசிரியரின் கண்ணைச் சாராத அளவைகளாலும் பிள்ளைகளின் அசைவும் கவனமும் அளக்கப்பட்டன. பங்குபற்றியவர்களில் ஆசியக் குடும்பங்களும் இருந்தன. 1993இல் எட்மண்ட் சொனுகா-பார்க், ரெய்லர் உள்ளிட்டோர் ஒரு கட்டுரையில் இரு அளவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆசிரியர்கள் ஒரே அளவு மிகையியக்கம் உள்ளவர்கள் என்று புள்ளியிட்ட ஆங்கிலப் பிள்ளையையும் ஆசியப் பிள்ளையையும் எடுத்துப் பார்த்தால், ஆசியப் பிள்ளை உண்மையில் குறைவாகவே அசைகிறான். அதாவது ஆசியப் பிள்ளை சிறிது அசைந்தாலே ஆசிரியரின் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்கிறது. 'அடக்கமான ஆசியர்' என்ற எதிர்பார்ப்பு உடையும்போது எழும் எரிச்சலாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

கோர்ட் 1971இல் கோபத்தோடு சொன்னதன் ஒரு பகுதியை, வேறொரு பிள்ளைக் கூட்டத்தின் விடயத்தில், இந்தக் கட்டுரை எண்களால் காட்டியது. எப்படிக் காட்ட முடிந்தது? பெயர் தெரியாத சில ஆசியக் குடும்பங்கள் கையெழுத்து வைத்தபடியால். அவர்கள் ஒதுங்கியிருந்தால் ஆசிரியரின் புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும், அதுவே உண்மையாகவும் இருந்திருக்கும். ஏனெனில் ஆசிரியர் புள்ளியிடுவதற்குப் பெற்றோர் ஆய்வில் சேரவேண்டியதில்லை. தவணை அறிக்கையில் அவர் எப்படியும் எழுதுவார். நாம் மறுப்பது அளக்கப்படுவதை அல்ல, அந்த அளவை சரிபார்க்கப்படுவதையே என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

மற்றொரு உதாரணம் சவுத்தாலுக்கே சொந்தம். 1988 முதல் 1991 வரை சவுத்தாலிலும் பிறென்ரிலும் 40 முதல் 69 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 5,000 பேர், ஐரோப்பியர், தெற்காசியர், ஆபிரிக்க-கரீபியர், இருதய நோய், நீரிழிவு பற்றிய ஆய்வொன்றில் சேர்ந்தார்கள். இருபது வருடங்களின் பின் அவர்களை மீண்டும் அழைத்தார்கள். வயிற்றில் சேரும் கொழுப்புக்கும் தெற்காசியரின் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு இங்கே துலங்கியது. ஐரோப்பிய உடலுக்கு வகுத்த எடைக் கணக்கு எமக்குப் பொருந்தாது என்று இன்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் சவுத்தாலின் முதியவர்கள் கொடுத்த இரத்தமும் இருக்கிறது. கோவிலிலும் குருத்துவாராவிலும் இவர்களை யாரும் நினைவுகூர்வதில்லை.

பிள்ளைகளின் மனம் பற்றிய ஆய்வுகளில் அப்படியொரு வருகை நிகழவில்லை. 1999, 2004 ஆண்டுகளின் தேசிய ஆய்வுகளை வைத்து அனா குட்மன், விக்ரம் பட்டேல், டேவிட் லியோன் மூவரும் 2010இல் எழுதிய கட்டுரையில், இந்தியப் பிள்ளைகளிடையே உளக்குறைபாடு 3.7 வீதம், வெள்ளைப் பிள்ளைகளிடையே 10 வீதம். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த இந்தியப் பிள்ளைகள் மொத்தம் 361 பேர்தான், வெள்ளையரோ 13,000க்கு மேல். ஈழத்தமிழ்ப் பிள்ளை அதில் எங்கே? குடித்தொகைக் கணக்கெடுப்பில் எமக்கு 'இந்தியர்' என்ற பெட்டியுமில்லை, 'பாகிஸ்தானியர்' என்ற பெட்டியுமில்லை, 'ஏனைய ஆசியர்' என்பதே எமது விலாசம். மரபணு ஆய்வுகளில் நிலைமை இன்னும் வெறுமை. 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வு 20,000க்கு மேற்பட்ட ஏ.டி.எச்.டி. உள்ளவர்களைக் கொண்டது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

எமது பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த வெற்றிடம் சாதாரணமானதல்ல. வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையில், 92 வீதத்தினர் கடும் அதிர்ச்சி தரும் சம்பவங்களை அனுபவித்திருந்தனர், நான்கிலொருவருக்கு அதன் உளத்தாக்கம் நோயாகவே இருந்தது. அப்படியொரு பிள்ளை இங்கு வந்து வகுப்பில் இருக்கிறது. கதவு அடிபட்டால் துள்ளும், இரவில் நித்திரை இல்லை, பாடத்தில் மனம் நில்லாது. இவற்றில் பல, வினாக்கொத்தில் மிகையியக்கத்தின் அடையாளங்களும்தான். இரண்டையும் பிரித்தறிய உதவும் தமிழ்ப் பிள்ளைகள் பற்றிய தரவு இல்லாத இடத்தில், வைத்தியர் வேறு பிள்ளைகளின் தரவைக்கொண்டே தீர்மானிப்பார்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இது எனது தொழில். றொபேட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகளைக் கொண்ட வினாக்கொத்து உலகெங்கும் பாவனையிலுள்ளது, தமிழிலும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துத் தாய் தன் பிள்ளையைப் பற்றிப் பேசும் சொற்கள் வேறு. 'துடியாட்டம்' என்றால் பாதி பெருமை. 'குழப்படி' என்றால் முறைப்பாடு, அதிலும் ஒரு செல்லம் உண்டு. 'பிராக்குப் பார்க்கிறான்' என்பது கவனம் சிதறுவதற்கு நான் அறிந்த மிகத் துல்லியமான சொல், ஆனால் எந்தப் படிவத்திலும் அதை நான் கண்டதில்லை. மொழிபெயர்ப்பவர் இவற்றில் எதைத் தேர்கிறாரோ, அதற்கேற்ப 'ஓரளவு உண்மை' 'நிச்சயமாக உண்மை' ஆகிவிடும். வினாக்கொத்துப் புள்ளியை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. என்று தீர்மானிக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டி சொல்வது சரிதான். ஆனால் ஆய்வுகளில் புள்ளியே பெரும்பாலும் ராஜா. தமிழ்த் தாய்மார் பங்குபற்றாமல் அந்தச் சொற்கள் படிவத்துக்குள் நுழையப்போவதில்லை.

ஆகவே என்னிடம் தாளைக் கொண்டுவருபவர்களுக்கு நான் 'வையுங்கள்' என்றோ 'வையாதீர்கள்' என்றோ சொல்வதில்லை. கேட்கவேண்டியவற்றைச் சொல்லிக் கொடுக்கிறேன். பாடசாலை இதைப் பார்க்குமா? உள்துறை அமைச்சுக்குப் போகுமா? முடிவு வந்ததும் எங்களுக்குத் தமிழில் சொல்வீர்களா? எச்சிலை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், வேறு எவருக்குக் கொடுப்பீர்கள்? அண்மையில் ஒரு தாய் இவ்வளவையும் கேட்டார். ஆய்வாளராக வந்த இளம்பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். எச்சிலைப் பற்றிய பதில் மட்டும் அம்மாவுக்குத் திருப்தியில்லை. வினாக்கொத்துக்கும் கணினிச் சோதனைக்கும் கையெழுத்து வைத்தார், எச்சில் பெட்டிக்கு எதிரே 'இல்லை' என்று கோடிட்டார். மகனிடமும் கேட்டார்கள். கணினி என்றதும் அவன் உடனே சரி என்றான்.