ஆர்ஜினினும் லியூசினும்: இரத்த அழுத்தம், சர்க்கரை பற்றிய சான்றுகளின் எல்லை

புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, இது அழுத்தத்தைக் குறைக்கும், அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். விற்பனைக்குத் துணையாகக் காட்டும் ஆய்வுகள் பொய்யானவை அல்ல. அவற்றிலிருந்து பெறும் முடிவுதான் தவறு. ஒரு அமினோ அமிலத்தின் விளைவை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதைப் பெறும் உடலின் நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாயைத் தளர்த்தும் சைகை மூலக்கூறு என்று கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவர் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த வாயுவைக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஆர்ஜினினிலிருந்தே தயாரிக்கின்றன. அப்படியானால் ஆர்ஜினினைக் கூட்டினால் அழுத்தம் இறங்க வேண்டும். ஓரளவு இறங்கவும் செய்கிறது. 11 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த பகுப்பாய்வில், நாளொன்றுக்கு 4 முதல் 24 கிராம் வரை உட்கொண்டவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 5.4 மி.மீ., கீழ் அழுத்தம் 2.7 மி.மீ. குறைந்தது. புறக்கணிக்கத்தக்க அளவல்ல இது. ஆனால் அந்தப் 11 ஆய்வுகளிலும் சேர்த்தே பங்கேற்றவர்கள் 387 பேர்தான்.

இதில் ஒரு புதிரும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு லிட்டருக்குச் சில மைக்ரோமோல் ஆர்ஜினின் இருந்தாலே போதும். நலமாக இருப்பவரின் பிளாஸ்மாவிலோ அது 80, 100 மைக்ரோமோல் என்ற அளவில் ஏற்கெனவே இருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றி என்ன பயன்? ஒரு விளக்கம் இது: ஆர்ஜினினை ஒத்த, மெத்தில் தொகுதி ஏறிய சேர்மம் ஒன்று உடலிலேயே உண்டாகி நொதியை மறிக்கிறது. ஆர்ஜினின் மிகும்போது அந்தத் தடை விலகுகிறது. இது சரியானால், தடை மிகுந்தவர்களுக்கு மட்டுமே ஆர்ஜினினால் பயன் கிட்டும். எல்லோருக்கும் என்று சீட்டு ஒட்டி விற்க இடமில்லை.

பயனில்லாமல் போவதோடு முடிந்தால் கவலையில்லை. மாரடைப்பு வந்த 153 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினருக்கு ஆர்ஜினின், வேளைக்கு 3 கிராமாக நாளுக்கு மூன்று வேளை, ஆறு மாதம் என்பது திட்டம். குழாய்களின் விறைப்பு குறையவில்லை, இதயத்தின் இறைக்கும் திறனும் கூடவில்லை. ஆர்ஜினின் பிரிவில் 6 பேர் இறந்தனர். வெற்று மருந்துப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. புதியவர்களைச் சேர்ப்பது உடனே நிறுத்தப்பட்டது. எண்ணிக்கை சிறியது, தற்செயலும் கலந்திருக்கலாம். ஆயினும் பயனே தெரியாத இடத்தில் இந்த ஐயம் ஒன்றே விலக்குவதற்குப் போதுமானது என்பேன். நிலக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 3 கிராம் ஆர்ஜினின் இருக்கிறது. அந்தச் சோதனையின் ஒரு நாள் அளவை உணவில் பெற 300 கிராம் கடலை தின்ன வேண்டும். உணவு தரும் ஆர்ஜினினும் பொடி தரும் ஆர்ஜினினும் ஒரே நிறுவையில் வைக்கத்தக்கவை அல்ல.

உண்ட அளவு அப்படியே இரத்தத்தில் சேர்வதும் இல்லை. ஆர்ஜினினில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. தர்பூசணியில் உள்ள சிட்ருலின் அதற்குத் தப்பிச் சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறுவதால், ஆர்ஜினினை உண்பதைவிடச் சிட்ருலினை உண்பதே இரத்த ஆர்ஜினினை அதிகம் உயர்த்துகிறது.

உடலின் நிலைக்கேற்ப விளைவு வேறுபடுவது லியூசினில் இன்னும் கூர்மையாகிறது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 15 பேரிடம் நடந்த, 2014இல் வெளியான ஆய்வில், காலை உணவுக்கு முன் லியூசின் மிகுந்த மோர்ப்புரதம் 50 கிராம் கொடுத்தபோது இன்சுலின் இரட்டிப்பாகி, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 28 விழுக்காடு தணிந்தது. ஃபிராமிங்ஹாம் ஆய்வோ வேறொன்று சொல்கிறது. சர்க்கரை நோயில்லாத 2,422 பேரை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நோய் பின்னர் வந்தவர்களின் இரத்தத்தில் லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஐந்தும் தொடக்கத்திலேயே உயர்ந்திருந்தன. சர்க்கரையைத் தணிப்பதே சர்க்கரை நோயையும் முன்னறிவிக்கிறதா?

முரண் வெளித்தோற்றத்தில்தான். முதலாவது ஒரு வேளை உணவின் விளைவு. இரண்டாவது, இன்சுலினுக்குச் செவிசாய்க்காத கொழுப்புத் திசுவும் கல்லீரலும் இந்த அமிலங்களைச் சிதைக்கத் தடுமாறுவதால் அவை இரத்தத்தில் தேங்குவதன் அடையாளம். உடல் பருத்தவர்களிடம் இந்தத் தேக்கம் 1969இலேயே பதிவாகியிருக்கிறது. மரபணு ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2016இல் வந்த ஒன்று இந்த அமிலங்களையே காரணமாகக் காட்டியது, 2017இல் வந்தது இன்சுலின் எதிர்ப்பே அவற்றை உயர்த்துகிறது என்றது. உடலியங்கியல் சான்றோடு ஒத்துப்போவது பின்னதே என்று கருதுகிறேன். எனவே இந்த ஆய்வுகளைக் காட்டிப் பருப்பையும் தயிரையும் குறைக்கச் சொல்வதற்கு ஆதாரமில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று லியூசின் பொடியை நாள்தோறும் கலக்கிக் குடிக்கச் சொல்வதற்கும் இல்லை.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதய நோயாளியிடமும் நீரிழிவு நோயாளியிடமும் மருந்துகளைக் கேட்டறியும்போது புரதப் பொடி, அமினோ அமில மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். மருந்துச் சீட்டில் அவை இருப்பதில்லை, கேட்காமல் நோயாளியும் சொல்வதில்லை.