டெஸ்ட்நெட்டா, மெயின்நெட்டா? கிரிப்டோவில் கை வைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வாலட்டைத் திறந்தால் லட்சக்கணக்கில் பேலன்ஸ் காட்டுகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. ஆப்பில் கோளாறா? ஹேக் பண்ணிட்டாங்களா? இரண்டும் இல்லாமல் இருக்கலாம். அந்த வாலட் டெஸ்ட்நெட்டில் இருந்தால் இப்படித்தான் காட்டும். அதில் தெரிவது விளையாட்டுக் காசு.

கிரிப்டோவுக்குப் புதிதாக வருபவர்கள் குழம்புவதும், மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் இந்த இடத்தில்தான். டெஸ்ட்நெட், மெயின்நெட் என்றால் என்ன? யார், எப்போது, எதைப் பயன்படுத்த வேண்டும்? எளிமையா பார்க்கலாம்.

மெயின்நெட் என்றால் என்ன?

உண்மையான பணம் புழங்கும் நெட்வொர்க்தான் மெயின்நெட். பிட்காயினின் மெயின்நெட் 2009 ஜனவரியில் தொடங்கியது. எத்தீரியத்தின் மெயின்நெட் 2015 ஜூலை 30-ல் செயல்பாட்டுக்கு வந்தது. இங்கே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் உண்டு. அனுப்பியது அனுப்பியதுதான். வங்கி மாதிரி 'தப்பா அனுப்பிட்டேன், திருப்பிக் கொடுங்க' என்று கேட்க ஆளே கிடையாது.

அப்போ டெஸ்ட்நெட்?

மெயின்நெட் போலவே இயங்கும் ஒத்திகை நெட்வொர்க் இது. ஓட்டுநர் பயிற்சி மைதானம் மாதிரி. இதில் புழங்கும் காயின்களுக்குச் சந்தை மதிப்பு இல்லை. 'ஃபாசெட்' எனப்படும் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கும். எத்தீரியத்தில் செபோலியா, ஹூடி ஆகியவையும், பிட்காயினில் டெஸ்ட்நெட்4-ம் இப்படிப்பட்டவை.

டெஸ்ட் காயினைக் காசுக்கு விற்ற கூத்தும் நடந்திருக்கிறது. பிட்காயினின் முதல் டெஸ்ட்நெட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதற்கு அதுவே காரணம். ஆக, டெஸ்ட்நெட் நிரந்தரமானது அல்ல. எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். எத்தீரியத்தின் ராப்ஸ்டன், கோர்லி ஆகியவை அப்படி மூடப்பட்டவைதான்.

ஒத்திகை ஏன் இவ்வளவு முக்கியம்?

2017 நவம்பரில் பாரிட்டி என்ற எத்தீரியம் வாலட்டின் பொது நிரலில் இருந்த ஓட்டையால், ஒருவர் அந்த நிரலையே செயலிழக்கச் செய்துவிட்டார். அதை நம்பியிருந்த வாலட்களில் 5.13 லட்சத்துக்கும் அதிகமான ஈதர் முடங்கியது. நடந்தது மெயின்நெட்டில் என்பதால் ரீசெட் பட்டன் இல்லை. அந்தப் பணத்தை யாராலும் எடுக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2025 பிப்ரவரியில் நடந்தது. எத்தீரியத்தின் 'பெக்ட்ரா' அப்டேட்டை ஹோலெஸ்கி டெஸ்ட்நெட்டில் முதலில் சோதித்தார்கள். சில மென்பொருட்களில் ஒரு முகவரி அமைப்பு தவறாக இருந்ததால் அந்த நெட்வொர்க்கே தடுமாறியது. சீராக இரண்டு வாரம் ஆனது. பிறகு ஹூடி என்ற புதிய டெஸ்ட்நெட்டை உருவாக்கி, அதிலும் சோதித்தார்கள். மே 7-ல்தான் மெயின்நெட்டுக்கு அந்த அப்டேட் வந்தது. சிக்கல் ஒத்திகையிலேயே வெளிப்பட்டதால் மக்கள் பணத்துக்குப் பாதிப்பு இல்லை.

எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம்னு எப்படித் தெரியும்?

பிட்காயினில் முகவரியைப் பார்த்தாலே தெரியும். மெயின்நெட் முகவரி 1, 3 அல்லது 'பிசி1' என்று தொடங்கும். டெஸ்ட்நெட் முகவரி 'எம்', 'என்', 2 அல்லது 'டிபி1' என்று தொடங்கும்.

எத்தீரியத்தில்தான் சிக்கல். இரண்டிலும் முகவரி ஒரே மாதிரி '0எக்ஸ்' என்றே தொடங்கும். உங்கள் வாலட்டுக்கு இரண்டு நெட்வொர்க்கிலும் ஒரே முகவரிதான். எனவே வாலட்டில் நெட்வொர்க் பெயரையும் செயின் ஐடியையும் பாருங்கள். எத்தீரியம் மெயின்நெட்டின் செயின் ஐடி 1. செபோலியாவின் செயின் ஐடி 11155111.

ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் டெஸ்ட்நெட்டில் மட்டும் இருக்கலாம். அதே முகவரிக்கு மெயின்நெட்டில் நிஜ ஈதரை அனுப்பினால், அங்கே அதை எடுத்துத் தர எதுவும் இருக்காது. பணம் போனது போனதுதான்.

யாருக்கு எது சரி?

* வாலட் பயன்படுத்தக் கற்றுக்கொள்பவர்கள்: டெஸ்ட்நெட். அனுப்புவது, பெறுவது, சீட் ஃப்ரேஸ் வைத்து வாலட்டை மீட்பது எல்லாவற்றையும் இங்கே பழகுங்கள்.
* ஆப், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் உருவாக்குபவர்கள்: முதலில் டெஸ்ட்நெட், அப்புறம்தான் மெயின்நெட்.
* பெரிய தொகை அனுப்பப் போகிறவர்கள்: மெயின்நெட்டிலேயே முதலில் சிறு தொகை அனுப்பி, போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துவிட்டு மீதியை அனுப்புங்கள். டெஸ்ட்நெட்டில் போய்ச் சேர்ந்தது என்பதற்காக நிஜ முகவரி சரி என்று அர்த்தமில்லை.
* டிரேடிங் பழகுபவர்கள்: டெஸ்ட்நெட்டில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று கற்கலாம். அதில் வரும் லாபத்தை நம்ப வேண்டாம். அங்கே இருப்பது நிஜ சந்தையின் விலையும் இல்லை, நிஜ பணம் போகும் பயமும் இல்லை.

இந்தத் தவறை மட்டும் செய்யாதீங்க

நிஜ பணம் இருக்கும் வாலட்டின் சீட் ஃப்ரேஸை டெஸ்ட்நெட் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. 'டெஸ்ட்தானே' என்று சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி இணையத்தில் ஏற்றினால், அதே சாவியை வைத்து மெயின்நெட் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். சோதனைக்குத் தனி வாலட் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சீட் ஃப்ரேஸ் கேட்கும் ஃபாசெட் தளம் எதுவாக இருந்தாலும் உடனே வெளியேறுங்கள்.

மோசடி எப்படி நடக்கிறது?

'உங்கள் கணக்கில் ஈதர் போட்டுவிட்டோம், பாருங்க' என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். வாலட்டிலும் தொகை தெரியும். ஆனால் அது டெஸ்ட்நெட் காயின். பிறகு, 'பணத்தை எடுக்கணும்னா முதலில் வரி, கட்டணம் கட்டுங்க' என்று நிஜ பணம் கேட்பார்கள். கட்டினால் அந்தப் பணமும் காலி.

வந்த தொகை நிஜமா என்று பார்க்க, மெயின்நெட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். எதிராளி அனுப்பும் லிங்க்கை நம்பாமல் நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வரி உண்டா?

இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் பரிமாற்றங்களுக்கு 1 சதவீத டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. எனவே மெயின்நெட்டில் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தால், தவறுக்கான விலையோடு வரிக் கணக்கும் சேர்ந்து வரும்.

'அனுப்பு' பட்டனை அழுத்தும் முன் நெட்வொர்க் பெயரை ஒருமுறை பாருங்கள். அதற்கு ஐந்து விநாடி போதும்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. முதலீட்டு ஆலோசனை அல்ல.)