ருதுல் சாவின் முப்பதாயிரம்: இழப்பீடு என்னும் சொல் நீதிமன்றத்துக்குள் வந்த வழி

பீகாரின் முசாபர்பூர் அமர்வு நீதிமன்றம் ருதுல் சாவைக் குற்றமற்றவரென விடுவித்த நாள் 1968 ஜூன் 3. அவர் சிறையை விட்டு வெளியேறிய நாள் 1982 அக்டோபர் 16. அவர் மனநலம் குன்றியவர் என்று அரசு காரணம் கூறியது. அதனை நிறுவத்தக்க ஆவணம் எதையும் அதனால் காட்ட இயலவில்லை.

1983 ஆகஸ்ட் 1 அன்று, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாய் நீங்கலாக மேலும் 30,000 ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. ஆட்கொணர்வு மனுவொன்றில் விடுதலையோடு பணமும் கிடைத்தது அக்காலத்தில் புதுமை. எனினும் 5,248 நாள்களுக்கு 35,000 ரூபாய்; நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை.

மொழியியல் படித்தவரின் கண்ணில் தொகைக்கு முன்னே படுவது, அதற்கு இடப்பட்ட பெயர்தான். தீர்ப்பு அதனை ‘இடைக்கால’ ஏற்பாடு என்றது. இழப்பீட்டுரிமையை வலிதணிக்கும் மருந்தாக உருவகித்தது. முழு நட்ட ஈடு கோரி உரிமையியல் வழக்குத் தொடரும் வாய்ப்பை மனுதாரருக்கே விட்டுவைத்தது. இத்தயக்கத்துக்கு வரலாறு உண்டு. மீரட்டில் காவல்துறை கைப்பற்றிய தங்கத்துடன் தலைமைக் காவலர் ஒருவர் பாகிஸ்தானுக்குத் தப்பிய வழக்கில் (கஸ்தூரிலால், 1965), கைதும் பறிமுதலும் இறையாண்மைப் பணிகள், ஆகவே அரசு பொறுப்பாகாது என்று இதே நீதிமன்றம் கூறியிருந்தது. அத்தீர்ப்பை நேர்நின்று மறுக்காமல் அதனைச் சுற்றிக் கடக்க ‘இடைக்காலம்’ என்ற சொல் உதவியது என்றே நான் வாசிக்கிறேன். காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீலாவதி பெஹராவின் வழக்கில்தான் (1993) அத்தயக்கம் நீங்கியது: அடிப்படை உரிமை மீறலுக்கு இறையாண்மைக் காப்பு பொருந்தாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்லி, 1,50,000 ரூபாய் வழங்கச் செய்தது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கதை வேறு. அது இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 545ஆம் பிரிவு, அபராதம் விதிக்கப்பட்டால் மட்டுமே அதிலிருந்து இழப்பீடு எடுத்துத் தர இடமளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அபராதமின்றியும் இழப்பீடு விதிக்க வழிசெய்தது. ஆனால், ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்ற வரையறை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் வரை சட்டத்தில் இல்லை! ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ பக்கத்துக்குப் பக்கம் வரும் நூலில், எதிரே நிற்பவருக்கு வரையறுத்த பெயர் இல்லாமலிருந்தது.

இவ்விரு ஓடைகளும் ஓரிடத்தில் கலப்பதைத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி வழக்கில் காணலாம். 1992 ஜூனில் அரசுப் பணியாளர்கள் அம்மலையடிவாரச் சிற்றூரில் நிகழ்த்திய வன்கொடுமைக்கு, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அரசு வழங்க வேண்டும். அதில் பாதியை அக்குற்றம் புரிந்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது ஆணை. அரசின் பொறுப்பும் குற்றவாளியின் பொறுப்பும் ஒரே தொகைக்குள் பங்கிடப்பட்டன. இடையில் ஓடியவை 31 ஆண்டுகள். ருதுல் சா சிறையில் கழித்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல்.